சுவர் மெலிந்தது, வெயில் உள்ளே வந்தது



சித்திரை மாதத்து இரவு. மணி பத்து. வெளியே காற்று ஓரளவு குளிர்ந்துவிட்டது. ஆனால் நம் கான்கிரீட் வீட்டுக்குள் புழுக்கம் தீரவில்லை. மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றாலும், அது இறக்கித் தரும் காற்றே சூடாக இருக்கிறது. மறுநாள் பரீட்சை. தூக்கம் வராமல் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறோம். அதே தெருவில், நான்கு வீடு தள்ளி, மண் சுவரும் நாட்டு ஓடும் உள்ள பழைய வீட்டில் ஒரு பாட்டி கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.

இரண்டு வீடுகளின் மேலும் பகலில் காய்ந்தது ஒரே வெயில்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? "அந்தக் காலத்து வீடு, அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது விடை ஆகாது. மண்ணில் மாயம் ஒன்றும் இல்லை. உங்கள் பாடப்புத்தகத்தில் வெப்பம் என்ற பாடத்தில் உள்ள விதிகளே இதற்கும் போதும். வாருங்கள், பார்ப்போம்.

வரிசையில் நிற்கும் பானைகள்

முதலில் மண் சுவர் எப்படி எழும்புகிறது என்று தெரிந்துகொள்வோம். களிமண்ணும் மணலும் கலந்த மண்ணில் நீர் ஊற்றி, வைக்கோல் துண்டுகள் சேர்த்து, காலால் நன்றாக மிதித்துப் புளிக்க விடுவார்கள். அதை உருண்டை உருண்டையாக எடுத்து அடுக்கி, ஏறக்குறைய ஒரு முழ உயரத்துக்குச் சுவர் எழுப்பிக் காயவிடுவார்கள். அது இறுகிய பிறகே அதன்மேல் அடுத்த வரி. இப்படி எழும்பிய சுவர் பெரும்பாலும் ஒன்றரை அடி தடிமன் இருக்கும்.

ஏன் அவ்வளவு தடிமன்? மண் வலிமை குறைந்த பொருள். மெல்லிய மண் சுவர் கூரையின் பாரத்தைத் தாங்காது. ஆகவே தடிமனாக வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இது நமக்கு வேண்டியிருக்கும்.

இப்போது ஒரு கற்பனை. பத்துப் பானைகளை வரிசையாக, படிக்கட்டில் வைப்பதுபோல, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வையுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு துளை. முதல் பானையில் நீர் ஊற்றினால், துளை மட்டத்துக்கு அது நிறைந்த பிறகுதான் இரண்டாவது பானைக்கு நீர் வரும். இரண்டாவது நிறைந்த பிறகு மூன்றாவதுக்கு. பத்தாவது பானையில் முதல் சொட்டு விழுவதற்கு வெகு நேரம் ஆகும் அல்லவா? அதற்குள் மேலே நீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டால், கடைசிப் பானைக்கு வந்து சேரும் நீர் மிகக் கொஞ்சமாகவே இருக்கும்.

சுவரும் இப்படித்தான். வெயில் சுவரின் வெளிப்புறத்தைச் சூடாக்குகிறது. அந்த வெப்பம் அடுத்த படலத்துக்குப் போகவேண்டுமானால், முதல் படலத்தின் வெப்பநிலை முதலில் உயரவேண்டும். அதற்கே ஒரு பங்கு வெப்பம் செலவாகிவிடுகிறது. பிறகு அடுத்த படலம். பின்னர் அதற்கடுத்தது. வெப்பம் சுவரின் உள்முகத்தை நெருங்குவதற்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. வெளிமுகம் குளிரத் தொடங்குகிறது. உடனே நடுச்சுவரில் உள்ள வெப்பத்தில் பெரும் பகுதி வந்த வழியே திரும்பி வெளியே போய்விடுகிறது.

இதில் இரண்டு அளவுகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஒன்று, பொருளின் வெப்பங்கடத்தும் திறன். மற்றொன்று, அதன் அடர்த்தியையும் தன்வெப்பத்தையும் பெருக்கி வரும் தொகை. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பதை வெப்பப் பரவுதிறன் என்பார்கள். பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்ப அலை ஒரு பொருளுக்குள் எவ்வளவு வேகமாகப் போகும், போகப் போக எவ்வளவு தேயும் என்பதை இந்த அளவைக் கொண்டு கணக்கிடலாம்.

கணக்கின் விடையை மட்டும் சொல்கிறேன். ஒன்றரை அடி மண் சுவரைக் கடக்க அந்த அலைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கடந்து வரும்போது அதன் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகிறது. நான்கு அங்குலக் கான்கிரீட் பலகையையோ அது இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. அங்கே ஏற்ற இறக்கத்தில் பாதி அப்படியே உள்ளே வந்துவிடுகிறது. உண்மையான வீட்டில் கதவு, ஜன்னல், சுவரின் ஈரம் ஆகியவற்றால் இந்த எண்கள் சற்று மாறும். ஆனால் இரண்டுக்கும் உள்ள பெரும் இடைவெளி மாறாது.

இங்கே வேடிக்கை ஒன்று இருக்கிறது. சுட்ட செங்கல்லின் வெப்பப் பரவுதிறனும் மண்ணின் வெப்பப் பரவுதிறனும் ஏறக்குறைய ஒன்றே! அப்படியானால் குளிர்ச்சிக்குக் காரணம் மண் என்ற பொருள் அல்ல, சுவரின் தடிமனே. வலிமை குறைவாக இருந்ததால் மண் சுவர் தடித்தது. தடித்ததால் வெயிலைத் தாமதப்படுத்தியது. சிமெண்ட் வந்ததும் வலிமை கிடைத்தது. சுவரை நாலரை அங்குலமாக மெலியவைத்தோம். அந்தச் சுவர் கூரையைத் தாங்குமா என்று கணக்குப் போட்டோம். வெயிலைத் தாங்குமா என்று கணக்குப் போட மறந்துவிட்டோம்.

கெய்ரோவில் ஒரு சோதனை

நம்மைப்போல் வெயிலில் வாடும் எகிப்து நாட்டிலும் இதே மாற்றம் நடந்தது. ஹஸன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர் அந்நாட்டுக் கிராமங்களின் மண் வீடுகளை ஆராய்ந்து, அதே முறையில் புதிய வீடுகளைக் கட்டியவர். 1964-இல் கெய்ரோவில் சோதனை அறைகள் சில கட்டப்பட்டன. ஒன்றில் 50 சென்டிமீட்டர் தடிமனுள்ள மண் செங்கல் சுவர். மற்றொன்றில் 10 சென்டிமீட்டர் கான்கிரீட் பலகைகள். மார்ச் மாதத்து நாள் ஒன்றில் அளந்தபோது, மண் அறைக்குள் 24 மணி நேரமும் வெப்பநிலை 21 முதல் 23 டிகிரி சென்டிகிரேடுக்குள் இருந்தது. கான்கிரீட் அறையோ 36 டிகிரி வரை ஏறியது. அது வெளிக்காற்றைவிட 9 டிகிரி அதிகம்! மர நிழலில் நின்றவன் அந்த அறைக்குள் இருந்தவனைவிடச் சுகமாக இருந்திருப்பான்.

தலைக்கு மேல் நிற்கும் சூரியன்

சுவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் தமிழ்நாட்டில் வெயிலை அதிகமாக வாங்குவது சுவர் அல்ல, கூரைதான். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் அங்கே நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நேரத்தில் கதிர்கள் சுவரைத் தொடுவதே இல்லை. முழுவதும் கூரைமேல் செங்குத்தாக இறங்குகின்றன.

10 அடிக்கு 10 அடி அறை ஒன்றின் மேல் 4 அங்குலக் கான்கிரீட் தளம் இருப்பதாகக் கொள்வோம். அதன் நிறை 2 டன்னுக்குச் சற்று அதிகம். பகலில் ஏறிய சூட்டிலிருந்து அது இரவில் 10 டிகிரி குளிரவேண்டுமானால் வெளியிட வேண்டிய வெப்பம் எவ்வளவு? நிறை, தன்வெப்பம், வெப்பநிலை வேறுபாடு மூன்றையும் பெருக்குங்கள். சுமார் 18,500 கிலோ ஜூல் வரும். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோ ஜூல். ஆக, சுமார் 5 யூனிட்! ஆயிரம் வாட் மின் அடுப்பை ஐந்து மணி நேரம் எரியவிட்டதற்குச் சமம். இதில் ஒரு பகுதி வானத்தை நோக்கிப் போய்விடும். மீதி உங்கள் பாயை நோக்கித்தான் இறங்கும். மின்விசிறி அந்தத் தளத்துக்கு அடியில் உள்ள காற்றைத்தான் இறக்கித் தருகிறது. இரவு பத்து மணிப் புழுக்கத்தின் காரணம் இப்போது புரிகிறதா?

பழைய கூரைகள் இதை வேறு வழிகளில் சமாளித்தன. கீற்று, பனையோலை, வைக்கோல் ஆகியவற்றில் வேய்ந்த கூரைக்குள் எண்ணற்ற சிறு இடைவெளிகளில் காற்று அடைபட்டிருக்கிறது. அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி நம்மைக் குளிரிலிருந்து காப்பதும் இதனால்தானே?

நாட்டு ஓட்டின் வழி வேறு. ஓடு மெல்லியது, பகலில் நன்றாகச் சுடும். ஆனால் ஓட்டின்மேல் ஓடாக அடுக்கி வேய்வதால் இடையிடையே சந்துகள் இருக்கும். கூரையும் உயரமாக, சரிவாக இருக்கும். சூடான காற்று முகட்டுக்கு ஏறிச் சந்துகள் வழியே வெளியேறும். மாலையில் வெயில் தாழ்ந்ததும், நிறை குறைவான ஓடு விரைவில் குளிர்ந்துவிடும். இரவில் வெளியிட அதனிடம் 2 டன் கான்கிரீட்டின் சேமிப்பு இல்லை.

தகர ஷீட்டும் மெல்லியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தகரமும் இரவில் விரைவில் குளிரும். ஆனால் பகலில் அது கொதிக்கும் தோசைக்கல்லைப்போல ஆகி, வெப்பக் கதிர்களை நேரே தலைமேல் வீசும். ஷீட் அறைகளில் உயரமும் குறைவு. சூடான காற்று வெளியேறச் சந்தும் இருப்பதில்லை. பகல் முழுவதும் அதற்குள் இருக்க வேண்டியவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

திண்ணையும் முற்றமும்

திண்ணைக்கு மேல் தாழ இறங்கும் கூரை விளிம்பை இறவாணம் என்பார்கள். உள்ளே நுழைபவர் குனிந்து வரவேண்டும். அந்த விளிம்பு சுவர்மேல் வெயில் படாமலும், மழைச் சாரல் மண்ணைக் கரைக்காமலும் காத்தது. வெயிலைச் சுவருக்குள் தாமதப்படுத்துவதைவிடச் சுவருக்கே வரவிடாமல் தடுப்பது இன்னும் சிறந்தது அல்லவா?

முற்றம் வீட்டின் நடுவே திறந்த வானம். பகலில் கூடத்தில் சூடாகும் காற்று எடை குறைந்து முற்றத்தின் வழியே மேலே போகும். அதன் இடத்தை நிரப்ப வாசல் வழியே புதுக்காற்று உள்ளே வரும். இரவில் முற்றத்துத் தரையும் கூரை ஓடுகளும் வானத்தை நோக்கி வெப்பக் கதிர்களை வீசிக் குளிரும். அவற்றைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனமாகி முற்றத்தில் இறங்கித் தேங்கும். மழைக்காலத்தில் நான்கு பக்கக் கூரை நீரும் முற்றத்தில் இறங்கும். அண்டாவை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் உள்ள செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இந்த முற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு தெருவில் தொடங்கிய வீடு மறு தெருவில் முடியும். அந்த ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

ஊருக்கு ஒரு வீடு

தடித்த சுவர் எங்கும் நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை நன்றாக மாறும் உள்நாட்டுப் பகுதிகளில்தான் அது முழுப் பலன் தரும். கடற்கரையில் அந்த வேறுபாடு குறைவு. காற்றில் ஈரம் அதிகம். அங்கே வியர்வை உலர்வதற்குக் காற்றோட்டமே முதல் தேவை. ஆகவே கடலோரக் குடிசைகளில் கீற்றுத் தட்டிச் சுவரும், காற்று நுழையும் இடைவெளிகளும் இருப்பது அறியாமையால் அல்ல.

நீலகிரிக்குப் போனால் கதை தலைகீழாகிறது. அங்கே எதிரி குளிர். தோடர்களின் பழைய வீடு பாதி உருளையைக் கவிழ்த்து வைத்ததுபோல வளைந்திருக்கும். ஜன்னல் கிடையாது. வாசல் மிகச் சிறியது; தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். உள்ளே உள்ள அடுப்பின் வெப்பமும் மனிதர்களின் உடல் வெப்பமும் வீணாகாமல் இருக்க அதுவே வழி.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் 'பழைய ஓட்டு வீடு' என்று சொல்லும் பலவற்றின்மேல் இருப்பது மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற ஐரோப்பியக் கிறித்தவ அமைப்பு 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது அது. நம் முன்னோர் புதியதைக் கண்டு பயப்படவில்லை. எடுத்துக்கொண்டார்கள், ஆனால் தங்கள் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பொருத்திக்கொண்டார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும்

பழையதெல்லாம் நல்லது என்று சொல்வது அறிவியல் ஆகாது. மண் சுவரில் கறையான் ஏறும். எலி வளை தோண்டும். மழை முடிந்ததும் பூசவும் மெழுகவும் வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் பெண்களின் தலையில்தான் விழுந்தது. கீற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் கூரை ஒழுகும். திண்ணையைப் புகழ்கிறோம், ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார எல்லாச் சாதியாருக்கும் அனுமதி இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடியது நெருப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. உங்களைப்போல் புத்தகப் பையோடு காலையில் வந்தவர்கள் அவர்கள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு உத்தரவிட்டது. மிகச் சரியான முடிவு.

ஆகவே மக்கள் கான்கிரீட் வீட்டை விரும்புவதில் தவறே இல்லை. குடிசைகளை மாற்றிக் கான்கிரீட் வீடு கட்டித் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2010-இல் தொடங்கியது. 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்ற இலக்குடன் 2024-இல் இன்னொரு திட்டம் அறிவிக்கப்பட்டது. நெருப்புக்கும் பாம்புக்கும் புயலுக்கும் பயப்படாமல் தூங்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனால் அதே 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றும் அரசு அறிவித்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வெயில் ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில், வெயிலைப் பற்றிக் கணக்குப் போடாமல் லட்சக்கணக்கான கூரைகளை அமைத்துவிடலாமா?

புதிய வீட்டுக்குள் பழைய அறிவு

வழிகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் பணியாற்றிய லாரி பேக்கர் (1917 - 2007) ஒரு முறையைப் பரப்பினார். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம். ஆகவே கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளை இரண்டிரண்டாக, நடுவே காற்று இருக்கும்படி வைத்து, அதன்மேல் கான்கிரீட் போட்டார். சிமெண்ட் மிச்சம், சூடும் குறைவு.

புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் 1989 முதல் இயங்கிவரும் மண் கட்டடக்கலை நிறுவனத்தில், மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கற்கள் செய்கிறார்கள். அவற்றைச் சூளையில் சுடவேண்டியதில்லை. அந்தக் கற்களால் மாடி வீடுகளே கட்டியிருக்கிறார்கள்.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு? மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடிக்கலாம். புதிதாக அடித்த வெள்ளை, தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா மாநிலம் 2023-இல் இத்தகைய குளிர் கூரைகளுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. நம் பாட்டிமார் பொங்கலுக்குச் சுவரில் அடித்த அதே சுண்ணாம்புதான்!

நீங்களே அளந்து பாருங்கள்

நான் சொன்னதை அப்படியே நம்பவேண்டாம். பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து ஆசிரியர் அனுமதியுடன் மூன்று வெப்பமானிகள் வாங்குங்கள். முதலில் மூன்றையும் ஒரே இடத்தில் அரை மணி நேரம் தொங்கவிட்டு, ஒரே அளவு காட்டுகின்றனவா என்று சரிபாருங்கள். காட்டாவிட்டால் வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு பின்னர் கழித்துவிடுங்கள்.

பிறகு ஒன்றைக் கான்கிரீட் வீட்டில், ஒன்றை மண் சுவர் ஓட்டு வீட்டில், மற்றொன்றை வெளியே மர நிழலில் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து மூன்றடி உயரம் போதும். சுவரைத் தொடக்கூடாது, வெயில் படக்கூடாது. காலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை இரண்டு மணிக்கு ஒருமுறை குறித்து, மூன்றையும் ஒரே வரைபடத் தாளில் வரையுங்கள். ஒவ்வொரு கோட்டின் உச்சியும் எத்தனை மணிக்கு வருகிறது? உச்சிக்கும் அடிமட்டத்துக்கும் எவ்வளவு வேறுபாடு? மாடியில் சுண்ணாம்பு அடித்த பிறகு இன்னொரு முறை வரைந்தால் கோடு எப்படி மாறுகிறது?

அடுத்து உங்கள் தெருவிலோ உங்கள் வீட்டிலோ புது அறை கட்டப் பேச்சு எழும்போது, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். கொத்தனாரிடமும் அப்பாவிடமும் காட்டி, "இந்தக் கூரை பாரத்தைத் தாங்கும், சரி. இரவு பத்து மணிக்கு எவ்வளவு சுடும்?" என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள். தாளைப் பார்த்தால் யோசிப்பார்கள்.